அடியில் இருக்க வேண்டிய கை

தம்பி,

மேற்கொண்டு படிக்கும் முன் ஒரு வேலை செய். வலது முழங்கையை மடக்கி மேசைமேல் ஊன்றிக்கொள். உள்ளங்கை உன் முகத்தைப் பார்க்கட்டும். இடது கை விரலால் முழங்கையின் கூர்மையான முனையைத் தொட்டுக்கொண்டே, வலது உள்ளங்கையை அந்தப் பக்கம் திருப்பு. மறுபடி இந்தப் பக்கம் திருப்பு. கை முழுவதும் சுற்றுகிற மாதிரி இருக்கும், ஆனால் நீ தொட்டுக்கொண்டிருக்கும் முனை மட்டும் அசையாது. கல்யாணம் ஆகப்போகிற வயதில் அம்மா அறிவியல் பாடம் எடுக்கிறாள் என்று சிரிக்காதே. ரிடையர் ஆன டீச்சருக்கு வேறு யார் கிடைப்பார்கள்? நீதான் கிடைத்தாய்.

முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா, கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். அல்னா மேலே தடித்திருக்கும், கீழே போகப்போக மெலியும். கதவுக் கீல் மாதிரி மேல்கை எலும்பைக் கவ்விக்கொண்டிருக்கும். மடக்கும், நீட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. நீ தொட்ட முனை அதனுடையது. ரேடியஸ் இதற்கு நேர் எதிர். மேலே சின்னதாக ஒரு வட்டத் தலை, கீழே அகன்று மணிக்கட்டைத் தாங்கும். அந்த வட்டத் தலையை ஒரு நார் வளையம் பிடித்துக்கொண்டிருக்கும், அதற்குள்ளேயே அது சுழலும். உள்ளங்கை மேலே பார்க்கும்போது இரண்டு எலும்பும் பக்கத்தில் பக்கத்தில் நேராகக் கிடக்கும். கவிழ்க்கும்போது ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். உள்ளங்கை ரேடியஸோடுதான் சேர்ந்தது, அது போகிற பக்கம் கையும் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சவ்வு. இரண்டு எலும்பு, நடுவில் ஒரு பந்தம், ஒன்று நிற்கும் ஒன்று சுற்றும் என்று சொல்லிக் கல்யாண மேடையில் ஒருவர் அரை மணி நேரம் பேசக்கூடும். நான் பேசமாட்டேன். எலும்பு எலும்புதான், புருஷன் பெண்டாட்டி இல்லை. நான் சொல்ல வந்தது உன் நைனாவின் கையைப் பற்றி.

போன ஞாயிற்றுக்கிழமை புனேவிலிருந்து நீ வீடியோவில் வந்தபோது ஒரு வார்த்தை சொன்னாய். "நைனாவுக்கு எதுக்கும்மா கஷ்டம், தாரை வாக்கறப்ப பெரீப்பாவே நிக்கட்டும், நம்ம வூட்டு ஆளுதானே" என்றாய். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு உடனே சத்திரத்து ஏசியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேனே, அதற்குப் பக்கத்தில், உன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உன் நைனா உட்கார்ந்திருந்தார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ "சரிம்மா சரிம்மா" என்பாய், எழுதினால் முழுவதும் படிப்பாய்.

நம் வீட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்கும், சின்ன வயதில் மேடைப் பக்கம் வந்தால் ஐஸ்கிரீம் தீர்ந்துவிடும் என்று பந்தியிலேயே நிற்பாய். தாரை வார்க்கும்போது எல்லாவற்றுக்கும் அடியில் மாப்பிள்ளையின் அப்பா கையை ஏந்த வேண்டும். அதன் மேல் மாப்பிள்ளை கை, அதன் மேல் பெண்ணின் கை, எல்லாவற்றுக்கும் மேல் பெண்ணின் அப்பா தன் கையைக் கவிழ்த்து வைப்பார். பெண்ணின் அம்மா செம்பிலிருந்து தண்ணீர் விடுவாள். அது நாலு கையிலும் இறங்கிக் கீழே தாம்பாளத்தில் விழும். கொடுக்கிறவர் கை கவிழ்ந்திருக்கும், வாங்குகிறவர் கை நிமிர்ந்திருக்கும். உன் நைனாவின் வலது கை இன்றைய தேதிக்கு முழுசாக நிமிராது. இதுதான் விஷயம்.

கார்த்திகை மழையில் டிராக்டரிலிருந்து இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்தார், அது உனக்குத் தெரியும். ரேடியஸ் நடுவில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். முழங்கைக்கு மேல் வரைக்கும் மாவுக்கட்டு போட்டு, தை பிறந்ததும் பிரித்தார்கள். எலும்பு நேராக ஒட்டியிருக்கிறது, இனிமேல் பயிற்சிக்கு வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த வாரம் சம்பா அறுப்பு. இவர் போவாரா? "நெலத்துல செய்யற வேலைதான் எக்ஸர்சைஸு, டீச்சரம்மா. அத்த வுட்டுட்டு அங்க போயி ரப்பர் பந்தை அமுக்கிக்கினு இருக்கணுமா? இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றார். மறுநாளே டிராக்டரில் ஏறினார். வைக்கோல் கட்டு ஏற்றினார். அடுத்த நவரைப் பட்டத்துக்கு உழவு ஓட்டினார், வரப்பு கட்டினார். கையை மடக்கிக் காட்டினார், நீட்டிக் காட்டினார், முஷ்டி பிடித்துக் காட்டினார். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் காட்டச் சொன்னார்கள். "நல்லாக் கூடிக்கீது" என்று சொல்லிக் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

யாரும் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொல்லவில்லை. இப்போது யோசித்துப் பார். டிராக்டர் ஸ்டியரிங் பிடிக்கும்போது உள்ளங்கை எந்தப் பக்கம்? கீழே. மோட்டார் பைக் ஹாண்டில்? கீழே. மண்வெட்டிப் பிடி, களைக்கொத்து, நாற்றுக்கட்டைத் தூக்குவது, எல்லாம் கவிழ்த்த கை. நம் வேலையில் கையை மல்லாத்துகிற வேலை அநேகமாகக் கிடையாது. இவர் வேலை செய்யச்செய்ய, கவிழ்க்கிற பழக்கம் பலமானது, கவிழ்க்கிற தசையும் நடுவில் இருக்கும் சவ்வும் அப்படியே இறுகிக்கொண்டன. சோம்பேறியாக வீட்டில் படுத்துக்கொண்டு பேப்பர் புரட்டியிருந்தால்கூடக் கை இதைவிட நன்றாகத் திரும்பியிருக்கும். உழைப்பாளி என்று பெயர் எடுத்த மனிதருக்கு உழைப்பாலேயே வந்த கேடு இது. சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அதனால் உனக்குச் சொல்கிறேன்.

எனக்கு எப்போது தெரிந்தது என்றால், பங்குனியில் காவாந்தண்டலத்தில் உன் அத்தை பேரனுக்குக் காதுகுத்து. கறிச்சாப்பாடு. உன் நைனா கறிச்சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லி நீ பார்த்திருக்கிறாயா? "இன்னிக்கு விரதம்" என்றார். எந்த விரதம், எந்தச் சாமிக்கு என்று கேட்டேன், முறைத்தார். வற்புறுத்திப் பந்தியில் உட்கார வைத்தேன். சோற்றைப் பிசைந்தார், அது கவிழ்த்த கையால் செய்யலாம். வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் கை திரும்ப வேண்டும். திரும்பவில்லை. முழங்கையைக் கோழி இறக்கை மாதிரி தோளுக்குத் தூக்கி, தலையைச் சாய்த்து, எப்படியோ வாயைக் கொண்டுபோய்க் கையிடம் சேர்த்தார். பாதி சோறு மடியில் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மேல் முழங்கை இடித்தது. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்தார். வீட்டில் அதற்கு முன்னாலேயே ஸ்பூனுக்கு மாறியிருந்தார், நான் ஏதோ டவுன் பழக்கம் வந்துவிட்டது என்று கேலி செய்துகொண்டிருந்தேன். திருமுக்கூடல் பெருமாள் கோயிலுக்குப் போனாலும் சேவித்துவிட்டுத் தூணோரம் ஒதுங்கி நிற்கத் தொடங்கியிருந்தார். தீர்த்தம் வாங்கக் கை ஏந்தினால் கை பக்கவாட்டில் நின்றது, பட்டர் விட்ட தீர்த்தம் தரையில் கொட்டியது, அதற்கப்புறம் வரிசைக்கே வருவதில்லை. கும்பிட முடியும், அதற்கு உள்ளங்கை ஒன்றையொன்று பார்த்தால் போதும். வாங்கத்தான் முடியாது. இத்தனை நாள் என் எதிரிலேயே நடந்திருக்கிறது. அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "கையை மல்லாத்துங்க பாக்கலாம்" என்றேன். மல்லாத்தினார். கை அல்ல, ஆள் மல்லாந்தார். தோளைத் தாழ்த்தி, இடுப்பை வளைத்து, உடம்பு முழுவதையும் வலது பக்கம் சாய்த்து, "இதோ, திரும்பிக்கினுதான் கீது" என்றார். நீ ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூட லேபில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் முன்கை கழன்று விழுந்து, யாரோ திரும்ப மாட்டினார்கள். ரேடியஸைச் சுண்டுவிரல் பக்கம் மாட்டிவிட்டார்கள். நானும் அதை வைத்தே பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நீதான் கடைசி பெஞ்சிலிருந்து, "டீச்சர், மணிக்கட்டுல அகலமா இருக்கற எலும்பு கட்டைவிரல் பக்கம்தானே வரணும்?" என்றாய். வகுப்பில் அம்மா என்று கூப்பிடக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததைக்கூட மறக்காமல் கேட்டாய். அந்தக் கண் உனக்கு இருக்கிறது. கல்யாணமாகி மஞ்சுவோடு வாழும்போது அதைப் பயன்படுத்து. ஒரு வீட்டில் இருக்கிறவர்கள் "எனக்கு ஒண்ணுமில்லை, நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிக் காபி குடித்துவிட்டுப் போகாதே. முன்னே செய்துகொண்டிருந்த எதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டாள் என்று பார். அவளும் உன்னிடம் அப்படிப் பார்க்கட்டும்.

சித்திரையில் காஞ்சிபுரத்தில் ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் அழைத்துப் போனேன். உன் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பில் ஒரு குறையும் இல்லை, இறுகியதுதான் பிரச்சினை, இப்போது வந்தாலும் ஓரளவு திரும்பும், பழையபடி முழுசாகத் திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது என்றாள். பொய் சொல்லாத பெண், எனக்குப் பிடித்தது. ஒரு துண்டை மடித்துக் கக்கத்துக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். துண்டு விழுந்தால் தோளால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம். ஒரு சுத்தியலைப் பிடியின் நுனியில் பிடித்து நிமிர்த்தி, மெதுவாக வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். சுத்தியல் தலையின் பாரமே கையைத் திருப்பும். நம் வீட்டில் இப்போது தினமும் காலையில் துண்டு விழுகிற சத்தமும் நான் கத்துகிற சத்தமும்தான். முதல் வாரம் ஒன்றுமே நகரவில்லை. ஆட்டின் முன்னங்காலில் இந்த இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும், அதனால்தான் அதற்குப் பாதத்தைத் திருப்ப முடியாது, மேயவும் நடக்கவும் அது போதும் என்று ஒருநாள் கறி வெட்டும்போது காட்டினேன். எலும்பைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் ஆடாப் பூட்டேன்னு சொல்லு" என்றார். சிரித்தோம். அதற்கப்புறம் சுத்தியலைக் கொஞ்சம் மரியாதையாகப் பிடிக்க ஆரம்பித்தார். துண்டு விழாமலே கட்டைவிரல் மேலே பார்க்கிற அளவுக்கு ஆனி மாதத்தில் வந்தது. இப்போது அதையும் தாண்டி வந்திருக்கிறது.

இந்த நேரத்தில்தான் உன் பெரியப்பா கல்யாணப் பத்திரிகை விஷயமாக வந்தார். அவர் நல்லவர், தம்பிமேல் உயிர். பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேடையில கை கோணலா இருந்தா பொண்ணு வூட்டு ஜனம் அத்தயே பாத்துக்கினு இருக்கும்டா. போட்டோவுலயும் வுழும். நான் நிக்கறேன், நீ பக்கத்துல இரு" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் நைனா, "அண்ணன் சொல்றதும் சரிதான்" என்றுவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் மனதில் ஒன்று இருந்தது. நீ என்ன சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 'பையன் விடமாட்டான்' என்று ஒரு நம்பிக்கை. வாய்விட்டுச் சொல்லவில்லை, நாற்பது வருஷம் கூட இருக்கிறவளுக்குச் சொல்ல வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை போனுக்குப் பக்கத்தில் வந்து அவர் உட்கார்ந்ததே அதற்காகத்தான். நீ ஏசியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் துண்டும் சுத்தியலும் வைத்த இடத்திலேயே கிடந்தன. "இனிமே இன்னாத்துக்கு?" என்றார். நானும் விட்டுவிட்டேன், எனக்கும் அலுத்திருந்தது. செவ்வாய், புதன், அப்படியே போனது. இன்று காலை நாஷ்டாவுக்குக் கூப்பிட மோட்டார் கொட்டகைக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி ஓரத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குழாய்த் தண்ணீருக்கு ஓரமாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கக்கத்தில் தலைப்பாகைத் துண்டை மடித்துச் செருகியிருந்தார். நான் சொல்லாமல், யாரும் பார்க்காமல். தெறிக்கிற தண்ணீர் உள்ளங்கையில் விழும், கை சாய்ந்திருப்பதால் சுண்டுவிரல் பக்கமாக வழிந்துவிடும். மறுபடி நீட்டுவார், மறுபடி வழியும். அப்புறம் சுண்டுவிரலை வரப்பு போடுகிற மாதிரி மடக்கி அணை கட்டினார். நின்றது. ஒரு உத்தரணி தீர்த்தம் இருக்கும், அவ்வளவுதான். அதை உதட்டுக்குக் கொண்டுபோய்க் குடித்தார். முழங்கை உயரவில்லை, துண்டு விழவில்லை. நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். வந்து இட்லியை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆவணியில் கல்யாணம், அதற்குள் கை முழுசாக நிமிருமா என்று என்னைக் கேட்டால், நிமிராது. நான் உனக்குப் பொய் சொல்லப் போவதில்லை. இதுவரை வந்த கணக்கைப் பார்த்தால் கட்டைவிரல் பக்கம் உயர்ந்தும் சுண்டுவிரல் பக்கம் தாழ்ந்தும்தான் இருக்கும். பெரியப்பா சொன்ன மாதிரி பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். அதற்காக வேறொரு கையை வைத்து உனக்குத் தாரை வாங்குவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டும்போது உன் தலைக்கு அடியில் கொடுத்ததும் இதே கைதான். அப்போது நான் ஊற்றினேன், அவர் ஏந்தினார். உன் தலை கனக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அதனால் நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். முதலில் நைனாவுக்குப் போன் போடு, எனக்கல்ல. "உங்க கைதான் அடியில இருக்கணும்" என்று சொல், காரணம் எதுவும் சொல்லாதே, நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. அவர் "அண்ணன் கிட்ட சொல்லிட்டேனே" என்று இழுப்பார், பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். இரண்டாவது, மஞ்சுவிடம் சொல், அவள் தன் அப்பாவிடம் சொல்லட்டும். மேடையில் உன் கையை நேராகப் பிடிக்காதே. நைனாவின் கை எந்தச் சாய்வில் இருக்கிறதோ அதே சாய்வில் உன் கையை வை. அதன் மேல் மஞ்சு அதே சாய்வில் வைக்கட்டும், அவள் அப்பாவும் அப்படியே வைக்கட்டும். நாலு கையும் ஒன்றாகச் சாய்ந்திருந்தால் கோணல் என்று யார் எதைக் காட்டுவார்கள்? தண்ணீர் எப்படியும் வழியத்தான் போகிறது. சுண்டுவிரல் பக்கமாக வழியட்டும், தாம்பாளத்தை நான் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மா